நர்ஸிங் சேரப் போகிறீர்களா? முதலில் கணக்கு நோட்டை எடுங்கள்

அட்மிஷன் காலம் வந்தால் என் இன்பாக்ஸில் ஒரே மாதிரியான செய்திகள் வந்து விழும். "பொண்ணுக்கு ரொம்ப இளகின மனசு மேடம். யாருக்காவது உடம்பு சரியில்லைன்னா துடிச்சுப் போயிடுவா. நர்ஸிங் சேர்க்கலாம்னு இருக்கோம்." படிக்கும்போது கொஞ்சம் எரிச்சல் வரும். சிவில் இன்ஜினியரிங் சேரப் போகிற பையனைப் பற்றி "அவனுக்குப் பாலம்னா ரொம்பப் பாசம்" என்று யாரும் சொல்வதில்லை. கணக்கு வருமா, இயற்பியல் வருமா என்றுதான் கேட்கிறோம். நர்ஸிங்குக்கு மட்டும் மனசைப் பார்த்தால் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ!

இளகிய மனசு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாத நர்ஸிடம் என் அம்மாவை நான் விடமாட்டேன். ஆனால் அதை மட்டும் நம்பிப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குள் வருகிறவர்கள் முதல் வருடத்திலேயே திணறிப் போகிறார்கள். வார்டில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நோயாளியின் வலியைப் பார்த்துக் கலங்குகிற பிள்ளைகளைத் தேற்றிவிடலாம். மருந்துக் கணக்கில் விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்துவதுதான் பெரும்பாடு.

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த விகிதமும் தசமமும்தான். 1000 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்த டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். வகுத்தால் 41.67, அதாவது 42. வீட்டில் உட்கார்ந்து போட்டால் யாருக்கும் வரும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, பின்னால் உறவினர் ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்க, அந்த இடத்தில் நின்றுகொண்டு போட வேண்டும் என்பதுதான் சிக்கல். அதனால்தான் பல கல்லூரிகள் மருந்துக் கணக்குத் தேர்வில் 90 சதவீதத்துக்கு மேல் கேட்கின்றன. முழு மதிப்பெண் வாங்கினால்தான் மருந்து கொடுக்க அனுமதி என்று வைத்திருக்கிற இடங்களும் உண்டு. கடுமை என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. மற்ற பாடத்தில் ஒரு தசமப் புள்ளி தப்பினால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே டோஸ் பத்து மடங்காகிவிடும்.

புள்ளி என்றதும் ஞாபகம் வருகிறது. அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விடக்கூடாது. 5 மில்லிகிராமை 5.0 என்று எழுதக்கூடாது. புள்ளி மங்கலாக இருந்தால் பூஜ்யம் விட்ட .5 வெறும் 5 ஆகிவிடும், 5.0 என்பது 50 ஆகிவிடும். படிப்பு தொடங்கும் முன்பே இதைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, கணக்கு மட்டும் வந்தால் போதுமா என்றால், போதாது. டிகாக்ஸின் என்று ஒரு இதய மருந்து இருக்கிறது. டாக்டர் 0.25 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். மாத்திரை அட்டையில் 125 மைக்ரோகிராம் என்றிருக்கிறது. 1 மில்லிகிராம் 1000 மைக்ரோகிராம்; ஆக இரண்டு மாத்திரை. கணக்கு முடிந்தது, வேலை முடியவில்லை. கொடுப்பதற்கு முன் இதயத் துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதே நோயாளி சிறுநீர் பிரிய ஃபுரோசமைடும் எடுக்கிறாரா? அப்படியென்றால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் நஞ்சாகும் வாய்ப்பு கூடும். சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது, பார்வையில் மஞ்சளாகத் தெரிகிறது என்று அவர் சொன்னால் அது வயிற்றுக் கோளாறாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு மருந்துக்கு இத்தனை. இதில் கணக்கு, உடலியங்கியல், வேதியியல், நோயாளி பேச்சுவாக்கில் சொல்வதைக் காதில் வாங்குவது எல்லாம் இருக்கிறது. உயிரியலை மனப்பாடம் செய்து 206 எலும்புகளின் பெயரையும் ஒப்பிக்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எலும்பின் பெயர் மறந்தால் புத்தகத்தைப் பார்க்கலாம். இதயம் பலவீனமானால் கால் ஏன் வீங்குகிறது என்பது புரியாமல் இருந்தால் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்றே தெரியாது. சேர்வதற்கு முன் நேரம் இருந்தால் இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றையும் "ஏன்" என்று கேட்டுக் கேட்டுப் படியுங்கள். மற்றவை பின்னால் வரும்.

இவ்வளவு படிப்பு நர்ஸுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 9 ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை எடுத்து ஆராய்ந்து, 2014-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருக்கும் இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. படிப்பும் வேண்டும், ஆளும் வேண்டும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால்தான் அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதை வரைபடம் போட்டுக் காட்டியவர் அவர். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண்ணும் அவர்தான்!

இன்டர்வியூவுக்கு வருகிறேன். "சின்ன வயசிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எதிரே இருப்பவர் அதை அன்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். படுக்கையில் இருந்த தாத்தாவைப் பார்த்துக்கொண்டீர்களா? அவரை எத்தனை மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்தீர்கள், எங்கே தோல் சிவந்தது, அதை யாரிடம் சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு பதிலிலேயே நீங்கள் யார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வி: "நோயாளி மருந்து வேண்டாம் என்கிறார், என்ன செய்வீர்கள்?" பலரும் "எப்படியாவது சமாதானப்படுத்திக் கொடுத்துவிடுவேன்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சுயநினைவோடு, புரிந்து மறுக்கிறவரை வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. ஏன் என்று கேட்க வேண்டும். விழுங்க முடியவில்லையா, போன தடவை அரிப்பு வந்ததா, செலவை நினைத்து பயமா? எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டும். அப்போதும் மறுத்தால் டாக்டரிடம் தெரிவித்து, சார்ட்டில் எழுதி வைக்க வேண்டும். அன்பு என்ற பெயரில் அதட்டுகிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

சில நடைமுறை விஷயங்கள், வேகமாக. நீங்கள் சேரப் போகிற படிப்பை முடித்தால் செவிலியராகப் பதிவு செய்ய முடியுமா என்பதைப் பதிவு கவுன்சிலின் பட்டியலில் நீங்களே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமான அட்டவணையில் மூன்று டோஸ், முடிய ஆறு மாதம் ஆகும். வார்டுக்குப் போகும் முன் அந்தச் சான்று கேட்பார்கள், கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது. ரத்தம் பார்த்தால் மயக்கம் வருகிறதே என்று பயந்து விலக வேண்டாம். முதல் முறை நிறையப் பேருக்குத் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முழங்காலை விறைத்து நிற்காதீர்கள், கண் இருட்டினால் வெட்கப்படாமல் தரையிலேயே உட்காருங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. 500 மி.லி. திரவம், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், 15 சொட்டு 1 மி.லி. காலை 10 மணிக்கு ஆரம்பித்தது. 12 மணிக்குப் போய்ப் பார்த்தால் பாட்டிலில் இன்னும் 350 மி.லி. இருக்கிறது. 2 மணிக்குள் முடிக்க நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைக்க வேண்டும்? அதைவிட முக்கியம், வேகத்தைக் கூட்டக் கை வைக்கும் முன் நோயாளியிடம் எதையெல்லாம் பார்ப்பீர்கள், யாரிடம் கேட்பீர்கள்? இரண்டுக்கும் பதிலைக் கமெண்டில் போடுங்கள்.