சுண்டு விரல் பிடித்து ஆடும் ஊர்

பிரான்சின் மேற்குக் கோடியில் இருக்கும் பிரெத்தாஞ்சுக்கு (ஆங்கிலத்தில் பிரிட்டானி) குடிவந்த புதிதில் எங்கு திரும்பினாலும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கொடிதான். கார் பின்கண்ணாடியில், மீன்கடையில், பிஸ்கட் டப்பாவில். பெயர் க்வென் ஹா டூ, அதாவது வெள்ளையும் கறுப்பும். 1920-களில் மோர்வான் மர்ஷால் வரைந்தது. ஒன்பது பட்டையும் ஒன்பது பழைய மறைமாவட்டங்கள். அதில் நான்கு வெள்ளை, பிரெத்தோன் மொழி பேசிய மேற்குப் பகுதிக்கு. கூடவே மூன்று சுருள் சுழலும் திரிஸ்கெல் சின்னம், மோதிரத்திலும் பச்சை குத்தலிலும்.

கொடி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த மக்களின் பெருமை எதில் இருக்கிறது என்று புரிந்தது ஒரு ஃபெஸ்ட் நோஸில்தான். ராத்திரி விழா. 2012-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நான் போனது ஒரு கிராமத்துக் கூடத்தில் நடந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி என் சுண்டு விரலைத் தன் சுண்டு விரலால் கோத்துக்கொண்டார், அவ்வளவுதான், நானும் ஆடும் வட்டத்தில் ஒருவன்.

மேடையில் பொம்பார்த், பினியு. பொம்பார்த் நம் நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுவது, நெஞ்சில் வந்து அறைகிறது. மூச்சைப் பிழியும் வாத்தியம் என்பதால் இடைவிடாமல் ஊத முடியாது. ஊதுபவர் மூச்சு வாங்க விலகும்போது தோல்பை வைத்த பினியு அதே மெட்டை மேல் ஸ்தாயியில் தொடர்கிறது. அப்புறம் வாத்தியமே இல்லாமல் இரண்டு பேர் பாடினார்கள். கான் ஹா டிஸ்கான். ஒருவர் வரியை முடிக்கும் கடைசி அசைகளிலேயே மற்றவர் சேர்ந்துகொண்டு, அந்த வரியைத் திருப்பிப் பாடுவார். நடுவில் ஒரு நொடிகூட வெற்றிடம் விழாது.

பாட்டு என்ன சொல்கிறது என்று பாட்டியிடம் கேட்டேன். "என் அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லித்தரவில்லை" என்றார்.

ஏன் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பைத் தொங்கவிட்டார்கள். அடுத்துப் பேசி மாட்டும் பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சு மட்டுமே பேசினார்கள். நூறு வருடம் முன்பு பத்து லட்சம் பேர் பேசிய மொழியை, 2024 கணக்கெடுப்பின்படி சுமார் 1,07,000 பேர்தான் பேசுகிறார்கள்.

இசை பிழைத்துக்கொண்டது. 1972-ல் பிரெத்தோன் இசைக் கலைஞர் ஆலன் ஸ்டிவெல் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் செல்டிக் யாழோடு ஏறியபின் ஒரு தலைமுறையே பழைய மெட்டுகளைத் தேடிப் போனது. லோரியாங் ஊரில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று செல்டிக் நாடுகளெல்லாம் கூடுகின்றன. (ஒரு காலத்தில் புதுச்சேரித் துணி கப்பலில் வந்து இறங்கிய அதே துறைமுகம்.) எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் மெட்டை மட்டும் காப்பாற்றி மொழியை விட்டால், கான் ஹா டிஸ்கானில் திருப்பிப் பாட ஆள் இருக்காது.

அதனால்தான் 1977-லிருந்து பிரெத்தோனிலேயே பாடம் நடத்தும் திவான் பள்ளிகளை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். 2021-ல் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் அப்படிக் கற்பிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது. பெரிய அநியாயம்.

வீட்டில் தமிழ், தெருவில் பிரெஞ்சு, இதில் மூன்றாவது மொழி எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செப்டம்பரில் என் மகளைத் திவானில் சேர்க்கிறேன். அடுத்த ஃபெஸ்ட் நோஸுக்கு அவளையும் கூட்டிப்போவேன். அந்தப் பாட்டி வந்திருந்தால், பாட்டின் பொருளை என் மகள் அவருக்குச் சொல்லட்டும்.