கூரை காத்தது மரத்தை

அமெரிக்கக் கிராமங்களின் மரப்பாலங்களுக்குக் கூரை போட்டது வழிப்போக்கர்கள் பனியில் நனையாமல் இருக்கத்தான் என்று மூடிய பாலங்கள் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரை காப்பாற்றியது ஆட்களை அல்ல, மரத்தை. மழைநீர் இறங்கும் மூட்டுகளில்தான் உத்தரம் முதலில் மக்கும். திறந்த மரப்பாலம் 20 ஆண்டுகள் தாங்கினாலே பெரிது. கூரை போட்டு மூடிய பாலம் நூறைத் தாண்டும். கனெக்டிகட் ஆற்றின் மேல் 1866இல் கட்டிய கார்னிஷ்-வின்ட்சர் பாலத்தில் இன்றும் கார்கள் போகின்றன. இன்னொன்று: அந்நாளில் பனிக்காலம் வந்தால் சறுக்குவண்டிகள் ஓடுவதற்காகப் பாலத்துக்குள் பனியை அள்ளிக் கொட்டிப் பரப்புவார்கள். பனியைத் தடுக்கத்தான் கூரை என்றால் இது எதற்கு?

எங்கள் மதுரையில் இந்தக் கவலையே எழவில்லை. 1889இல் திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலம் வைகையின் மேல் வளைவுகளில் நிற்கிறது. மரப்பாலம் இல்லை என்பதால் அதற்கு மழை பொருட்டல்ல. இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றுதான் எதிரி. (வைகையில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்காதீர்கள்!)

1820இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் இத்தியேல் டவுன் காப்புரிமை பெற்ற பின்னல் சட்டகம் (பலகைகளைக் குறுக்குமறுக்காகப் பின்னிப் பாலத்தைத் தாங்க வைக்கும் முறை) பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? பலகையும் மர ஆணியும் இருந்தால் ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம் என்பதால்தான் அது அப்படிப் பரவியது. அடுத்த பகுதியிலாவது எழுதுங்கள்.