இலவசம் என்று சொல்லி இதை மலிவாக்காதீர்கள்

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்து எல்லாவற்றையும் இழந்த அந்த அச்சக விஷயத்தில் இரண்டு நாளாக ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "இலவசமா கிடைக்கிறதை நம்பி எவனாவது தொழில் பண்ணுவானா" என்று ஒருவர் எழுதி, அதற்கு இருநூறு பேர் விருப்பம் போட்டதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

முதலில் நடந்ததைச் சரியாகச் சொல்லுங்கள். அந்த அச்சகத்தில் கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருள் என்று ஒன்றுகூட இல்லை. மூன்று கணினி. மூன்றிலும் விண்டோஸ், கோரல் டிரா, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர். அத்தனையும் கிராக், உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. டிசைன் செய்கிற தம்பி புது வெர்ஷனுக்கு, அந்தப் பூட்டை உடைக்கும் ஆக்டிவேட்டர் இறக்கியிருக்கிறார். ஆண்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்லி அதிலேயே எழுதியிருக்கும். அவரும் நிறுத்திவிட்டு ஓட்டினார். கூடவே வந்தது ஸ்டாப்/டிஜேவு வகை ரான்சம்வேர். கிராக், திருட்டு உரிம எண் தயாரிக்கும் கீஜென் வழியாகவே பெரும்பாலும் பரவுகிற ஜாதி இது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைப் பூட்டி, பெயருக்குப் பின்னால் நாலு எழுத்தை ஒட்டிவிட்டுப் போகும். 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் 490. டி டிரைவ் போயிற்று. எழுதும் அனுமதியோடு மற்ற இரண்டு கணினிகளில் பகிர்ந்து வைத்திருந்த ஃபோல்டர்கள் போயின. பேக்கப்புக்கு என்று வாங்கிய ஹார்டு டிஸ்க் எந்நேரமும் செருகியே கிடந்ததால் அதுவும் போயிற்று. ஆவணி முகூர்த்த சீசன் நடுவில்.

இதைப் பார்த்துத்தான் "இலவசத்தை நம்பினான்" என்கிறீர்கள். திருட்டுப் பிரதிக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் வித்தியாசம் தெரியாமல் சொல்கிறீர்களா, தெரிந்தே சொல்கிறீர்களா? ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுவதால் அவர்களுக்குக் குழப்பம் வரலாம். நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. சொல்லே தனித்தனியாக இருந்தும் நாம் போய் அந்தக் குழப்பத்தை இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

நான் விலையைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை முறை எழுதினாலும் விலைக்கே வந்து நிற்கிறீர்கள். என் கேள்வி ஒன்றுதான்: உங்கள் கோப்பை, யாரையும் கேட்காமல், நாளைக்கும் உங்களால் திறக்க முடியுமா?

கிராக் போட்டவருக்கு முடியாது என்பதைப் பார்த்துவிட்டோம். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் தெரிந்தே பயன்படுத்துவதுகூடக் குற்றம் என்பது தனிக் கதை. சரி, ஒரிஜினல் வாங்கியவருக்கு? அடோபி 2013இல் சந்தா முறைக்குப் போனது. சந்தா நின்றால் அதன் பக்க அமைப்பு மென்பொருளான இண்டிசைன் நிற்கும். அதில் செய்த ஐஎன்டிடி கோப்பு உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும், திறக்கத்தான் முடியாது. "காசு கட்டினால் திறக்கப் போகிறது" என்பீர்கள். 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு நடந்தது நினைவிருக்கிறதா? குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நிறுவனம். காசு கட்டாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தடைப் பட்டியலில் சேர்த்ததும் மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அடுத்த சில நாளில் சேவை திரும்பியது. அவர்களிடம் வக்கீல் வைக்கப் பணம் இருந்தது. தெருமுனை அச்சகத்துக்கு, தையல் கடைக்கு, டியூஷன் சென்டருக்கு யார் வக்கீல்?

"முனிச் நகராட்சியே லினக்ஸ் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்ததே" என்று ஒருவர் வருவார். ஒவ்வொரு தடவையும் வருவார். விண்டோஸுக்குப் பதிலான கட்டற்ற இயங்குதளம்தான் லினக்ஸ். ஆமாம், 2003இல் முடிவெடுத்தார்கள், சுமார் 15,000 கணினிகளை மாற்றினார்கள், 2017இல் மாநகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானம் போட்டது. மறுக்கவில்லை. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 அரசுக் கணினிகளை மைக்ரோசாஃப்ட் ஆபீஸிலிருந்து கட்டற்ற லிப்ரெ ஆபீஸுக்கு மாற்றுவதாக அறிவித்து, 2025இல் 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை மாற்றி முடித்ததை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்துக் கேரளப் பள்ளிகளைப் பாருங்கள், அங்கே கணினிப் பாடம் நடப்பது லினக்ஸில்தான்.

"கணக்கு எழுதும் டேலி லினக்ஸில் ஓடுமா?" இது நியாயமான கேள்வி. நேரடியாக ஓடாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் வைத்து ஓட்டுவதில் பாதி நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கணக்குப் புத்தகத்தை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம். ஜிஎஸ்டி ஆஃப்லைன் கருவியும் விண்டோஸும் எக்ஸெலும் கேட்கும். அதனால் கணக்குக்கு ஒரே ஒரு கணினியில் உரிமத்தோடு வாங்கிய விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கணினிகளில் நடக்கும் வேலை என்ன? பில் போடுவது, விலைப்பட்டியல், கடிதம், பிரவுசர், மெயில், அச்சுக்குப் பக்க அமைப்பு. இதற்கெல்லாம் விண்டோஸ் தேவையே இல்லை. கணக்கையும் மாற்ற விரும்பினால் மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது, ஜிஎஸ்டி வசதியோடு. ஆனால் அதை நிறுவிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதை முதல் வேலையாக எடுத்து, பாதியில் விட்டு, லினக்ஸைத் திட்டாதீர்கள்.

"கற்றுக்கொள்ள நேரமில்லை" என்பதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. கிராக் போடக் கற்றுக்கொள்ள நேரம் இருந்தது.

எப்படி மாற்றுவது என்று உண்மையாகவே கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் லினக்ஸ் போடாதீர்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். முதல் ஒரு மாதம் விண்டோஸிலேயே லிப்ரெ ஆபீஸ், மெயிலுக்குத் தண்டர்பேர்டு, படம் வரைய இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் போட்டு வேலை பாருங்கள். வேர்டு கோப்பைத் திறந்தால் பக்கம் நகர்ந்து நிற்கிறதா? அது லிப்ரெ ஆபீஸின் கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம், முக்கால்வாசி எழுத்துருச் சிக்கல். காலிப்ரி இல்லாத இடத்தில் அதே அகலமுள்ள கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடியா இருந்தால் வரி உடையாது. மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதிய எக்ஸெல் கோப்புகள் மட்டும் அப்படியே வராது. அவற்றை முன்பே பட்டியல் போட்டு ஒதுக்குங்கள்.

கை பழகிய பிறகு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு எழுதுங்கள். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி என்றால் அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென்டிரைவிலிருந்தே கணினியை எழுப்பி வைஃபை, ஒலி, முக்கியமாகப் பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிறுவும் பேச்சு. எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு எச்பிலிப்பின் (லினக்ஸுக்கான எச்பி டிரைவர்) கூடுதல் பிளகின் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பிரிண்டர் பட்டியலில் தெரியும், தாள் வராது. கேனான் எல்பிபி 2900 வைத்திருப்பவர்கள் அதைக் கணக்குக் கணினியோடேயே விட்டுவிடுங்கள், அந்த டிரைவரோடு போராடுவது வீண். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதானால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டி டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததும் "இனி குப்பைதான்" என்று உங்களிடம் சொல்லப்பட்ட கணினி அதில் இன்னும் பல வருஷம் ஓடும்.

லினக்ஸ் போட்டுவிட்டால் எதுவும் வராது என்று நான் சொல்லவே இல்லை. எழுதும் அனுமதியோடு ஃபோல்டரைப் பகிர்ந்தால், பக்கத்து விண்டோஸில் புகுந்த ரான்சம்வேர் அதையும் பூட்டும். மின்ட்டில் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது இயல்பாகச் சேமிப்பது இயங்குதளத்தை, உங்கள் கோப்புகளை அல்ல. கோப்புக்கு டேஜா டூப் போன்ற பேக்கப் நிரல் ஒன்றும், வேலை முடிந்ததும் கழற்றி அலமாரியில் வைக்கும் டிஸ்க்கும் வேண்டும். கழற்றி வைத்தால்தான் அது பேக்கப்.

இதெல்லாம் தொழில் விஷயம். எனக்கு நிஜமாகவே வலிப்பது வேறு.

பக்க அமைப்புக்கு நம் அச்சகங்கள் நம்பிய பேஜ்மேக்கருக்கு, எல்லா மொழி எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடு தெரியாது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. நம் ஊர்களில் கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், சிற்றிதழ், சங்கத்து வெள்ளிவிழா மலர் என்று அதில் அடித்தவை எத்தனை! திரையில் 'அம்மா' என்று தெரியும். பாமினி எழுத்துருவில் அடித்திருந்தால் உள்ளே இருப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிதான் வரும். தேடினால் கிடைக்காது, கூகுளுக்குத் தெரியாது, பார்வையற்றவரின் திரைபடிப்பான் அதைத் தமிழாகப் படிக்காது. எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதில் ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவுக்கும் ஒரு தனி வரிசை. தமிழக அரசே 2010இல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய பதினைந்து இருபது வருஷத் தமிழ், எழுத்துரு எழுத்துருவாகச் சிதறிக் கிடக்கிறது. நம் மொழியில் நாமே அடித்தது, நமக்கே திறக்கவில்லை. இதற்கு மேல் என்ன உதாரணம் வேண்டும் உங்களுக்கு?

அந்த அச்சகத்துக்காரருக்குத் திரும்பக் கிடைத்தவை, வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த மங்கலான ஜேபிஜிக்கள். அப்புறம் ஒரு அலமாரி சிடி. அதிலுள்ள பேஜ்மேக்கர் கோப்புகளை லிப்ரெ ஆபீஸ் டிராவில் திறந்து பார்க்கலாம். எல்லாம் முழுசாக வராது: இணைப்பாக வைத்த படங்கள் வராது, கட்டங்கள் கலையும். ஆனால் எழுத்து வரும். அந்த எழுத்தை வெறும் 'ஃபைண்ட்-ரீப்ளேஸ்' கொண்டு யூனிகோடாக்க முயலாதீர்கள். பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால். வெறுமனே மாற்றினால் 'கெ'யும் 'கே'யும் அத்தனையும் உடையும். ஓப்பன்-தமிழ் போன்ற நிரல்கள் இந்த வரிசையைப் பார்த்தே மாற்றுகின்றன. சந்தா கட்டி இண்டிசைன் வைத்திருப்பவர்கள், சந்தா உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் ஐடிஎம்எல் (இண்டிசைனின் பரிமாற்றக் கோப்பு வடிவம்) ஆகவும் பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள். ஐஎன்டிடியை ஸ்கிரைபஸ் திறக்காது, ஐடிஎம்எல்லைத் திறக்கும்.

விருப்பம் போட்ட இருநூறு பேரில் பலர் வீட்டில் அப்படி ஒரு சிடி கட்டு இருக்கும். இன்று ராத்திரி ஒன்றை எடுத்துப் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் எனக்கு எழுத வேண்டாம். திறக்காவிட்டால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று மட்டும் எழுதுங்கள், சேர்ந்து உட்கார்ந்து மாற்றுவோம்.