ஸ்ட்ரோக்: நர்சிங் பிள்ளைகள் கேட்காமல் விடும் கேள்வி

நர்சிங் இரண்டாம் வருஷம் முடித்த பிள்ளைகளிடம் ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ரத்தக்குழாய் அடைத்தால் ஒரு வகை, வெடித்தால் இன்னொரு வகை, காரணம், அறிகுறி, கேர் ப்ளான் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். பரீட்சைக்கு வரும் பெரிய கேள்வி, விடுவார்களா! "பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வாய் கோணிடுச்சு, முதல்ல என்ன கேட்ப?" என்றால் மட்டும், "பிபி இருக்கா, சுகர் இருக்கா" என்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது.

"கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பெரிய குழாய் அடைத்த சிலருக்கு, உள்ளே ட்யூப் விட்டு எடுக்கும் சிகிச்சைக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கெல்லாம், ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் தொடங்கும்.

வார்டில் ஒரு மாணவி எடுத்த குறிப்பைப் பார்த்தேன். 'காலை 6 மணிக்கு வலது கை, கால் செயலிழப்பு.' ஆறு மணி என்று சொன்னது மருமகள். காபி கொடுக்க எழுப்பியபோது கை தூக்க வரவில்லையாம். ராத்திரி? "பதினோரு மணிக்குப் பேசிட்டுத்தான் படுத்தாங்க மேடம்." ஏழு மணி நேரம் குறிப்பில் காணோம்! எம்ஆர்ஐ பார்த்து ஊசி போட வழி உண்டா என்று டாக்டர் யோசிக்க வேண்டிய கேஸ் அது.

இது பரீட்சைக் கவலை மட்டுமில்லை. வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு பெண் நர்சிங் சேர்ந்தாலே, தெருவுக்கு அவள்தான் டாக்டர். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். 108 வருவதற்குள் அந்த வீட்டில் ஒருத்தர் சோடா குடிக்க வைப்பார், ஒருத்தர் பிபி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்வார், இன்னொருத்தர் புறா ரத்தம் தேய்க்கலாம் என்பார். விழுங்க முடியாதவருக்குக் கொடுத்த தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பிபியைச் சட்டென்று இறக்கினால், மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். ஆஸ்பிரினும் கூடாது, அடைப்பா, கசிவா என்று சிடி ஸ்கேன் எடுக்காமல் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. குளுக்கோமீட்டர் இருந்தால் சுகர் பார்க்கலாம், சுகர் இறங்கினாலும் சில சமயம் இதே மாதிரி ஒரு பக்கம் விழும். அப்புறம், சிடி இல்லாத பக்கத்து நர்சிங் ஹோமில் நின்று நேரத்தைத் தொலைக்கக் கூடாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டினால் போகிற நேரம் போதாதா?

அக்டோபர் 29 வந்தால் கல்லூரிகளில் பக்கவாத தினம் என்று போஸ்டர் போட்டி, ரங்கோலி. அழகாகத்தான் இருக்கும், சரி. அந்த மதியம் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்கார வையுங்கள். ஒருத்தி மருமகள், ஒருத்தி நர்ஸ். மருமகள் "காலைலதான் பார்த்தேன்" என்பதற்கு மேல் தானாக எதுவும் சொல்லக் கூடாது. சாப்பிட்டது எப்போது, தூங்குமுன் எந்த சீரியல் ஓடியது, கடைசியாக யாருக்கு போன் பேசினார் என்று கேட்டுக் கேட்டு நர்ஸ்தான் நேரத்தைக் கறக்க வேண்டும். இன்டர்னல் மார்க்கையும் அதற்கே போடுங்கள்.