பெட்டியில் எழுதியிருக்கும் 4கே-யை வைத்து முடிவெடுக்காதீர்கள்

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, காட்டுத் தடத்தில் சைக்கிள் ஓட்டுவதைப் படம் பிடிக்க ஒரு கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். 4கே, தண்ணீர் புகாத கூடு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்தான். பெரிய நிறுவனங்களின் கேமரா 40,000 என்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?"

தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். எலஹங்காவுக்கு அப்பால் அவலஹள்ளிக் காட்டில், விடிந்தும் விடியாத வேளையில், தைல மரங்களுக்கு நடுவே செம்மண் தடத்தில் ஓட்டியதை ஒரு மலிவு விலைக் கேமராவில் பதிவு செய்தேன். அன்று மாலையே வேலூரில் இருக்கும் அம்மாவுக்கு இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை அனுப்பினேன். உடனே அழைத்தார். "தலை சுற்றுகிறதப்பா, என்னால் பார்க்க முடியவில்லை" என்றார். அந்தக் காலையின் பனியையும் வெளிச்சத்தையும் அவருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் கேமராவே வாங்கினேன். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 4கே என்பது ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு மட்டுமே. விலை குறைந்த பல கேமராக்களில் அந்தக் கணக்கும் உண்மையில்லை. ஒளியைப் படமாக்கும் சென்சார் குறைந்த அளவில் பிடித்ததை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று சேமிக்கிறது. உண்மையான 4கே-யாகவே இருந்தாலும், நம் வீட்டார் பார்ப்பது கைபேசித் திரையில். அதில் 4கே-க்கும், அதைவிடப் புள்ளிகள் குறைந்த 1080-க்கும் வேறுபாடு சொல்லக்கூடியவர் அரிது. படத்தின் ஆட்டம் மட்டும் எல்லோர் கண்ணையும் உறுத்தும்.

ஆகவே காசு கொடுக்க வேண்டியது ஆட்டத்தைக் குறைக்கும் ஆற்றலுக்கு. கேமராவுக்குள் இருக்கும் கைரோஸ்கோப், கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பதை நொடிக்குப் பல நூறு முறை அளக்கிறது. படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, மீதியை எதிர்ப்பக்கம் நகர்த்திச் சமன் செய்கிறது கேமராவின் செயலி (புராசசர்). கோப்ரோ நிறுவனம் 2018-இல் ஹீரோ 7 பிளாக் கேமராவில் ஹைப்பர்ஸ்மூத் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. கல்லும் வேருமாகக் கிடக்கும் தடத்தில் எடுத்த படத்தைக் கிறுகிறுப்பு இல்லாமல் பார்க்க முடிந்தது. மலிவுக் கேமராக்களிலும் இந்த வசதி உண்டு என்று போட்டிருப்பார்கள். ஆனால் அவற்றில் பல, மிக உயர்ந்த தெளிவுக்கு மாற்றியதும் அதை அணைத்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும் வலு அந்தச் செயலிக்கு இல்லை. வாங்கும் முன் இந்த ஒன்றை மட்டுமாவது விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, வெளிச்சம். பெங்களூரில் நாம் ஓட்டுவதே காலை ஆறு, ஆறரை மணிக்குத்தான். மர நிழலில் வெளிச்சம் போதாதபோது ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும்; ஒவ்வொரு பிரேமும் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படமும்) தனித்தனியே கலங்கிப் பதிவாகும். பிறகு செயலி எவ்வளவு சமன் செய்தாலும் அந்தக் கலங்கல் போகாது. படம் விட்டுவிட்டுத் துடிப்பது போலத் தெரியும். இதற்கு மருந்து பெரிய சென்சார்தான். டிஜேஐ நிறுவனத்தின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 கேமராவில் 1/1.3 அங்குல வகைப் பெரிய சென்சார் வந்தது இந்தக் காரணத்தால் எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. விடியற்காலையில் மட்டுமே ஓட்டுபவர் என்றால், மேல்விலைக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் அந்தத் தம்பியிடம் 40,000 கொடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய மலிவுக் கேமராவைவிட, சில ஆண்டு பழைய உயர்தரக் கேமராவே மேல் என்பது என் உறுதியான கருத்து. அம்மாவின் அந்த அழைப்புக்குப் பிறகு நான் வாங்கியதும் பழைய ஹீரோ 7 பிளாக்தான். இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பழையதை வாங்கும்போது லென்ஸின் மேல்கண்ணாடியைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீரோ 7-இல் அதைக் கழற்றி மாற்றலாம். ஹீரோ 8-இல் முடியாது. ஹீரோ 9-இல் அந்த வசதி திரும்ப வந்தது. முன்னால் போகிறவரின் சக்கரம் தெறிக்கும் கல் பட்டால் இதன் அருமை தெரியும். பேட்டரி உப்பியிருக்கிறதா, அதன் மூடியின் ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டரியைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கையில் 7,000 தான் இருக்கிறது, புதிதாகத்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 4கே-யை மறந்துவிட்டு 1080-இல், நொடிக்கு 60 பிரேம் வைத்து, ஆட்டக் குறைப்பை இயக்கிவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு எடுங்கள். எல்லாவற்றையும்விட, கேமராவை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். அங்கே ஒவ்வொரு கல்லின் அடியும் நேராகக் கேமராவுக்குப் போகும். மார்புப் பட்டையில் மாட்டினால், பாதி அதிர்வை நம் முழங்காலும் முழங்கையும் வாங்கிக்கொள்ளும். கைகளும் ஹேண்டில்பாரும் படத்துக்குள் வருவதால் இறக்கத்தின் செங்குத்தும் புரியும். ஹெல்மெட்டின் மேலிருந்து எடுத்தால் நந்தி மலை இறக்கம்கூடச் சமதளம் போலத்தான் தெரிகிறது.

மெமரி கார்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். எழுதும் வேகத்தைக் குறிக்கும் வி30 என்ற குறியை அச்சிட்ட கார்டை, நம்பகமான கடையில் வாங்குங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை என் கேமராவையும் மார்புப் பட்டையையும் தம்பிக்குக் கடன் கொடுக்கிறேன். தன் நண்பனின் மலிவுக் கேமராவையும் அவன் கொண்டுவருகிறான். ஒரே தடத்தில், ஒரே காலையில் இரண்டிலும் எடுத்து, இரண்டையும் ஓசூரில் இருக்கும் அவன் அம்மாவின் கைபேசியில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.