உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது

ஒன்பது மாதம் கழித்து எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து நேற்று பதில் வந்தது. ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு மழைநீர் தேங்குவதைப் பற்றி நான் எழுதியிருந்தேன். "தாங்கள் கோரியுள்ள முதியோர் உதவித்தொகை தொடர்பான மனு, தக்க நடவடிக்கைக்காகத் தனி வட்டாட்சியருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்கிறது பதில். எனக்கு வயது 43.

முதலில் மின்னஞ்சல்தான் அனுப்பினேன். பெறுநரின் அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது என்று அது அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. மறுவாரம் அனுப்பியது திரும்பவில்லை, பதிலும் வரவில்லை. நேரில் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த உதவியாளர், "மெயிலா? அதெல்லாம் யாரு சார் தொறந்து பாக்குறது? பிரிண்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். நான் எழுதிய மின்னஞ்சலை நானே ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்து அச்செடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்தவர், ஒரு வரிகூடப் படிக்காமல் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்தினார். தண்ணீரின் ஆழத்தை நான் குறிப்பிட்டிருந்த வரியின் மேலேயே அது கச்சிதமாக விழுந்தது. என் கையிலிருந்த நகலுக்கும் முத்திரை கேட்டேன். மை காய்ந்துவிட்டதால் அரை வட்டம்தான் பதிந்தது. அந்த அரை வட்டத்தைத்தான் ஒன்பது மாதமாக ஒப்புகைச் சீட்டாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்கும் கணக்குத் தெரியும். 2024 தேர்தலில் தமிழ்நாட்டு வாக்காளர்கள் ஏறத்தாழ 6.23 கோடிப் பேர்; அவர்களை 39 தொகுதிகளுக்குப் பகிர்ந்தால் ஓர் உறுப்பினருக்குச் சுமார் 16 லட்சம் பேர் வருகிறார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உறுப்பினர் 18 நிரந்தர ஊழியர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இங்கே ஓரிரு உதவியாளர்கள், அவர்களும் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சால்வை வாங்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தெருவிளக்கு, பட்டா, குடும்ப அட்டை என்று நாடாளுமன்றத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத மனுக்களும் அந்த மேசையில்தான் குவிகின்றன. ஆனால் ரயில்வே மத்திய அரசினுடையது ஆயிற்றே! அன்றைய குவியலில் சரியான முகவரிக்கு வந்து சேர்ந்த ஒரே மனு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வட்டாட்சியருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது என் கவலையெல்லாம் அந்த இன்னொருவரைப் பற்றித்தான். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் ஏதோ ஒரு பெரியவருக்கு, "தாங்கள் குறிப்பிட்ட மழைநீரை மோட்டார் வைத்து வெளியேற்ற ரயில்வே கோட்டப் பொறியாளரிடம் வலியுறுத்தப்பட்டுள்ளது" என்று கடிதம் போயிருக்கும். அதை யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, தன் வீட்டில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவர் தேடிக்கொண்டிருக்கக்கூடும். கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

இன்று காலை தனி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். ஆதார், குடும்ப அட்டை, வயதுச் சான்றுடன் திங்கட்கிழமை வரவேண்டுமாம். போய்விடலாமென்றுதான் நினைக்கிறேன். சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிவதற்குள் எனக்கு எப்படியும் அறுபது ஆகிவிடும்.