30 மி.மீ. இறக்கத்துக்கு 20 சதவீதம் பத்தாது
அண்ணாச்சி, கட்டுரை நல்லா இருக்கு. ஆனா ஸ்போர்ட்ஸ் காரோட உயரத்தை 30 மி.மீ. இறக்கினா ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமா இருந்தா போதும்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் இடிக்குது. வண்டியும் அங்கதான் இடிக்கும், பம்ப் ஸ்டாப்புல, அதாவது சக்கரம் மேல ஏறுற எல்லையில இருக்குற ரப்பர் கட்டையில.

நிக்கிற வண்டியில சக்கரம் மேல ஏற 70 மி.மீ. இடம் இருக்குன்னு வச்சுக்கிடுங்க. 30 இறக்கினா மிச்சம் 40. ஸ்பிரிங் வாங்குற அடி, அதாவது ஆற்றல், அமுங்குற தூரத்தோட வர்க்கக் கணக்கு. அதே அடியை 40-க்குள்ள தாங்க மூணு மடங்கு கடினம் வேணும். டேம்பர் (ஷாக் அப்சார்பர்) கொஞ்சம் வாங்கிக்கிடும், சரி, ஆனா 20 சதவீதம் எந்தக் கணக்குலயும் வராது. 15 மட்டும் இறக்கினா 1.6 மடங்கு. பாளையங்கோட்டையிலருந்து அம்பாசமுத்திரத்துக்குத் தினம் போய்வார வண்டிக்கு அதுக்கு மேல போறது வீம்பு. வெள்ளைக்கோடு அழிஞ்ச வேகத்தடையில இறங்கையில 'டொக்'குன்னு கேக்குமே, ரப்பர் அடி வாங்குற சத்தம் அது.

ஸ்பிரிங் பெட்டியில அச்சடிச்ச கடின எண்ணையும் அப்படியே நம்பாதீங்க. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 தான் அமுங்குதுன்னா, சக்கரத்துக்கு வாரது அந்த எண்ணுல 49 சதவீதந்தான் (0.7 × 0.7). ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒரே தூணா சக்கரத்துப் பக்கத்துல நிக்கிற ஸ்ட்ரட் வண்டியில ஏறக்குறைய முழுசும் வரும்.

'ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டிட்டா என்ன'ன்னு கீழ கேட்ட தம்பிக்கு: வேலை செய்யுற ஆறு சுத்துல ஒண்ணை வெட்டினா கடினம் கூடுறது அதே 20 சதவீதந்தான். ஜாக்கி வச்சுத் தூக்கிப் பாருங்க, ஸ்பிரிங் அது உக்காருற தட்டுல நிக்காம லொடலொடன்னு ஆடும்.